பலம் கூடும், பருமன் கூடாது

4 மார்ச் 2024, திங்கள்

ஆயர் குரோ டோல் அருகே லோரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பத்து நிமிடப் பாதைக்கு நாற்பது நிமிடம். கோர்ட்டு வாசலிலிருந்து உள்ளே ஓடினேன். நல்லவேளை, நீதிபதி அம்மா இன்னும் வந்து உட்காரவில்லை.

புது வழக்கு. நியாலாஸ் பக்கம் ராமாத்தாள் என்பவர், ஐம்பத்தேழு வயது, ஒரு மால்ட் பானத் தூள் கம்பெனிமேல் வழக்குப் போட்டிருக்கிறார். (கம்பெனி பெயரை வீட்டு நோட்டில்கூட எழுதுவதில்லை. பதினாறு வருடம் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து வந்த பழக்கம்.) தன் உடம்பு இப்படிப் பருத்ததற்கும், இனிப்பு நீர் வியாதிக்கும், முட்டி தேய்ந்ததற்கும் அவர்களும் பொறுப்பு என்கிறார்.

சாப்பிடும்போது கணவர் திருவிடம் சொன்னேன். சுங்கை ஊடாங் ஆலையில் ஷிப்டு முடிந்து வந்த களைப்பிலும் மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சோறு தின்னு குண்டானவங்கல்லாம் இனி அரிசி மில்லு மேல கேஸ் போடலாம் லா!"

நானும் சிரித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

5 மார்ச், செவ்வாய்

சாட்சிக் கூண்டுக்கு ஒரே ஒரு படி. ராமாத்தாள் அதில் ஏற மூன்று முறை மூச்சு வாங்கினார். கீழேயே உட்கார்ந்து சொல்லலாம் என்றார் நீதிபதி. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏறிவிட்டார்.

அவருடைய வக்கீல் தேவிஸ்ரீ, சின்னப் பெண். நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனாலும் மலாயில்தான் கேட்க வேண்டும். நான் அதைத் தமிழில் கேட்டு, பதிலை மலாயில் திருப்பிச் சொல்ல வேண்டும். சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

ராமாத்தாள் பதினான்கு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் ஆயா கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். அம்மாக்கள் விடியும் முன்னே பால்மரத்துக்குப் போய்விடுவார்கள். முப்பது பிள்ளைகள், இவர் ஒருத்தர். சம்பள நாள் ஒன்றில் கம்பெனி வேன் வந்தது. கொட்டகைக்கு டின் டின்னாக மால்ட் தூளை இலவசமாகக் கொடுத்தார்கள். சுவரில் ஒரு தகரப் பலகையும் மாட்டினார்கள். தமிழ்ப் பலகை.

"என்ன எழுதியிருந்தது?"

"பலம் கூடும், பருமன் கூடாது. காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று."

பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். வருடக்கணக்கில் தினமும் கண்ணில் பட்ட எழுத்தல்லவா.

"அதே மாதிரி குடுத்தேன். நானும் குடிச்சேன். பிள்ளைங்க பூசுனாப்ல ஆனாங்க. தோட்டத்து மொதலாளி, பெரிய டவுக்கேகூட நல்லா வளக்குறேன்னு சொன்னாரு."

பூசினாற்போல — இதற்கு மலாயில் என்ன? ஒரு விநாடி தடுமாறினேன். பிறகு 'பெரிசி' என்ற சொல் வந்தது. நிறைந்திருப்பது. ஒரு பிள்ளையின் உடம்பைக் கொஞ்சிச் சொல்ல இரண்டு மொழியிலும் ஒரு சொல் இருக்கிறதே என்று, அந்த இடத்தில் நினைக்கக்கூடாததை நினைத்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி தரப்பு ஒரே வரியில் மறுத்தது: தமிழில் நாங்கள் பலகை அச்சடித்ததே இல்லை. கொட்டகையை இடித்துச் செம்பனை நட்டு இருபது வருடமாகிறது. பலகை இருந்ததைக் காட்ட ராமாத்தாளிடம் எதுவும் இல்லை.

6 மார்ச், புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? பத்து மணிக்கு? மதியம் எத்தனை தட்டு? ராமாத்தாள் ஒன்றையும் மறைக்கவில்லை. நாசி லெமாக், ரொட்டி, சோறு, பலகாரம், கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தி வரைக்கும் சொன்னார். யாராவது உங்கள் வாயில் திணித்தார்களா? "இல்லைங்க. நானே தின்னதுதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த வாசகம் எதுகை மோனையோடு அழகாக இருக்கிறது. நீங்களே கட்டியதுதானே?"

"நான் ஆறாம் வகுப்புங்க. இப்படிக் கட்ட வந்திருந்தா கொட்டகையில ஏன் மூக்கு தொடச்சுக்கிட்டு இருந்தேன்?"

நீதிபதி நான் மொழிபெயர்த்த பிறகு சிரித்தார். வக்கீலும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்:

"சரி. அந்தப் பானம் கெடுதல் என்றால், அந்தப் பிள்ளைகளைக் கெடுத்தது நீங்கள்தானே? உங்கள் கையால்தானே கொடுத்தீர்கள்?"

இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன். அது என் வேலை.

ராமாத்தாள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆமாங்க. நான்தான் குடுத்தேன். அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பிள்ளைங்க ஒருத்தரும் என்மேல கேஸ் போடல. போட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன். யாரும் போடாததால நானே வந்து சொல்றேன். எம் பங்கு எனக்கு. பலகைய மாட்டுனவங்க பங்கு யாருக்கு?"

'நான்தான் கொடுத்தேன்' என்பதை மலாயில் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

பதினாறு வருடத்தில் திருடன், கொலைகாரன், கைவிட்ட கணவன் எல்லோருக்கும் குரல் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் 'நான் இல்லை' என்றுதான் சொல்வார்கள். 'நான்தான்' என்று சொல்வதற்காகப் பஸ் ஏறி வந்த ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன்.

7 மார்ச், வியாழன்

டாக்டர் நூருல் ஐன் சாட்சி. சர்க்கரையைக் கல்லீரல் எப்படிக் கொழுப்பாக்கி எடுத்துவைக்கிறது என்று விளக்கினார். நான் ராமாத்தாள் காதருகே மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பஞ்சம் வந்தால் பிழைக்கட்டும் என்று உடம்பு சேர்த்துவைக்கிறதாம். பஞ்சம் வராவிட்டாலும் சேர்ப்பதை நிறுத்தாதாம்.

"அம்மாடி," என்றார் ராமாத்தாள், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "நமக்காகத்தான் இம்புட்டும் செஞ்சிருக்கு. நான் இத்தனை வருஷமா இதத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. சாட்சியம் அல்ல.

10 மார்ச், ஞாயிறு

ஜாசினுக்கு மசாலாச் சாமான் வாங்கப் போனேன். மஜீது பாய் கடைதான் எப்போதும். செவ்வாய்க்கிழமை நோன்பு தொடக்கம். கடைக்குள் பேரீச்சம்பழப் பெட்டி அடுக்க இடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பாயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய அலமாரி ஒன்றை நகர்த்தினார். பின்னால் சுவரில் ஒரு தகரப் பலகை.

பலம் கூடும், பருமன் கூடாது.

காலை ஒன்று. மதியம் ஒன்று. மாலை ஒன்று.

துரு ஏறியிருந்தது. ஆனால் எழுத்து அப்படியே. கீழ் மூலையில் கம்பெனி பெயர். கையில் இருந்த மல்லிப் பொட்டலம் நழுவிவிட்டது.

"என்ன தங்கச்சி, மயக்கமா?"

"இல்ல பாய். இது... ரொம்பப் பழசோ?"

"முப்பது வருஷம் இருக்கும். ஏஜென்சி எடுத்தப்ப அவங்க குடுத்தது. பழைய இரும்பு லோரி புதன்கிழமை வரும், போட்டுறலாம்னு இருக்கேன்."

போடாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் கோர்ட்டு ஆள். இரண்டு பக்கமும் சேராதவள். சாட்சியப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் வழக்கே கெட்டுப்போகலாம். படம் எடுக்கவும் பயம்.

மல்லியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீரகம் வாங்க மறந்துவிட்டேன்.

11 மார்ச், திங்கள்

தேவிஸ்ரீக்கு ஒரு போன் போதும். ஆனால் அது துரோகம். சும்மா இருந்தால்? அதுவும்தானே.

திருவிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "நீ வாயத் தொறக்காத மோகனா. பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச வருஷந்தான். உனக்கு எதுக்கு லா இது?"

அவர் சொல்வதும் நியாயம்தான். கூண்டில் நின்ற அந்த அம்மாளுக்கு எதுக்கு இது?

12 மார்ச், செவ்வாய்

சொல்லிவிட்டேன். வக்கீலிடம் அல்ல, நீதிபதியிடம். பதிவாளர் மூலம் நேரம் கேட்டு, அறைக்குள் நின்று, பார்த்ததை மட்டும் சொன்னேன். எங்கே, எப்போது, என்ன எழுத்து, புதன்கிழமை லோரி வரும் என்பது.

நீதிபதி பேனாவை மூடிவைத்தார். மத்தியானமே இரண்டு வக்கீல்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கம்பெனி வக்கீல் எதிர்ப்பார் என்று நினைத்தேன். "மொழிபெயர்ப்பாளர் நேர்மையாக நடந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். பலகையைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லி மஜீது பாய்க்குச் சம்மன் போகும். நாளைக் காலையில்.

என்னை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள். சிரம்பானிலிருந்து வேறு ஆள் வருவார். ராமாத்தாளிடம் காரணம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

13 மார்ச், புதன்

லோரி நேற்றே வந்துவிட்டதாம். நோன்பு என்பதால் ஒரு நாள் முன்னால். பலகை போய்விட்டது.

14 மார்ச், வியாழன்

சம்மன் கொடுக்கப் போன நிவேந்திரன் இன்று கேண்டீனில் முழுக் கதையையும் சொன்னான். டீ ஆறிப்போனது தெரியவில்லை.

மஜீது பாய் காகிதத்தை இரண்டு முறை படித்தாராம். "நேத்துத்தானே தம்பி போச்சு." நிவேந்திரன், சரி, கைவசம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினானாம். பாய் பேனாவை வாங்கவில்லை. கடையைச் சாத்தினார். வேன் சாவியை எடுத்தார். "ஏறு."

மெர்லிமாவ் பக்கத்து இரும்புக் கிடங்கு. சிங்க்குக் கூரைத் தகடும் பழைய ஐஸ் பெட்டியும் மலைபோல. உச்சி வெயில். அறுபத்திரண்டு வயது மனிதர், நோன்பு வாய், பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு தகடாகப் புரட்டியிருக்கிறார். உள்ளங்கை கிழிந்து ரத்தம். கைலியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடி. கடைசியில் கிடைத்தது, பாதியாக மடிந்துபோய்.

"அக்கா, அந்த மனுஷன் அவங்க ஏஜெண்டு அக்கா. கடைப் பலகையிலேயே அவங்க பேருதான். அவருக்கு என்ன வந்திச்சு?"

நிவேந்திரன் எழுந்து போன பிறகும் உட்கார்ந்தே இருந்தேன்.

23 ஏப்ரல், செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் பொதுமக்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமில்லாத இடம். அங்கிருந்து பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்!

மஜீது பாய், கிடங்கில் கை கிழிந்தது வரை, சாட்சி சொன்னார். மடிந்த பலகையை நிமிர்த்தி மேசைமேல் வைத்திருந்தார்கள். ராமாத்தாள் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். யாரும் சொல்லவில்லை. தானாக.

"இதை நீங்களே அச்சடித்திருக்கலாம் அல்லவா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"நான் அடிச்சிருந்தா எங் கடைப் பேர இல்ல பெருசாப் போட்டிருப்பேன் ஐயா?"

"உங்களுக்கு இந்தப் பானத்தைப் பற்றி ஒருநாளும் புகார் வந்ததில்லையே?"

"இல்ல. நானும் குடிச்சேன். எம் பேத்திக்கும் குடுத்தேன். எனக்கும் இனிப்பு நீர்தான். யாருகிட்டப் புகார் பண்ணுறதுன்னு தெரிஞ்சாத்தானே புகாரு."

தேவிஸ்ரீ கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள். இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே, ஏன் தேடிப் போனீர்கள்?

பாய் கொஞ்சம் யோசித்தார். "எழுதியிருந்தா அது பொய்யில்லம்மா. எங்கிட்ட அப்ப இல்லதான். ஆனா நோன்பு வச்சுக்கிட்டு அந்த மாதிரி உண்மைய எழுத எனக்குக் கை வரல."

சிரம்பான் மொழிபெயர்ப்பாளர் 'அந்த மாதிரி உண்மை'யில் ஒரு நொடி நின்றார். நான் என் இருக்கையில் உதட்டுக்குள் மலாயில் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ராமாத்தாளும் பாயும் எதிரெதிரே நின்றார்கள். முன்பின் அறியாதவர்கள். "கை ஆறிடுச்சா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "ஆறிடுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார் இவர். அவ்வளவுதான் பேச்சு. நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

30 ஏப்ரல், செவ்வாய்

பாயின் ஏஜென்சி போய்விட்டது. கடைப் பலகையில் அந்தப் பெயரை வெள்ளைச் சாயம் அடித்து மறைத்திருக்கிறார். சீரகம் வாங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை.

15 ஆகஸ்டு, வியாழன்

தீர்ப்பு.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார் நீதிபதி. வயது வந்த ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் கையில் இருக்கிறது. எல்லாப் பழியையும் விற்றவர்மேல் போடச் சட்டம் இடம் கொடுக்காது — இதைக் கேட்டதும் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். ('தோற்றுவிட்டோம்' என்றா எழுதினேன்? சரி, இருக்கட்டும். இனி நான் அந்த வழக்கில் இல்லை.)

பிறகு: ஆனால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் தமிழில் போய், பருமன் கூடாது என்று சொல்லி, ஒரு நாளைக்கு இத்தனை என்று அளவும் கொடுத்தவர்கள், அதை நம்பி நடந்ததன் விளைவிலிருந்து முழுவதும் விலகிக்கொள்ள முடியாது.

பத்தில் ஆறு பங்கு ராமாத்தாளுடையது. நான்கு பங்கு கம்பெனியுடையது. அந்த வாசகம் தவறானது என்று அவர்களே தமிழிலும் மலாயிலும் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டவும் வேண்டும்.

தேவிஸ்ரீ அழுதுவிட்டாள். ஆறு பங்கு இவர் பக்கம் போனது அவளுக்குத் தாங்கவில்லை. ராமாத்தாள்தான் அவளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆறு எனக்கா? சரியாத்தான்மா போட்டிருக்காங்க. நாலு அவங்களுதுன்னு அவங்க முன்னாடியே படிச்சாங்கல்ல. அது போதும்."

மலாயில் பொறுப்புக்கு 'தாங்குங்ஜாவாப்' என்பார்கள். தாங்குவது, பதில் சொல்வது, இரண்டும் சேர்ந்த சொல். ஆயிரம் முறை வாயில் வந்த சொல். நம் 'பொறுப்பு'க்குள் பொறுத்துக்கொள்வது மட்டும்தான் கேட்கிறது. இன்று அந்த அம்மாள் தமிழில் பதிலும் சொல்லிவிட்டார்.

திரு செய்தியைக் கேட்டுவிட்டு, "நாலு பங்கா..." என்றார். அவ்வளவுதான்.

3 அக்டோபர், வியாழன்

கம்பெனி, தீர்ப்புக்கு எதிராகப் போட்டிருந்த மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக்கொண்டது.

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

நியாலாஸ் போனேன், தனியாக. சமூக மண்டபத்தில் கூட்டம் என்று தேவிஸ்ரீ சொல்லியிருந்தாள். மண்டபக் கதவில் கம்பெனியின் தமிழ் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

அறுபது பேர் இருப்பார்கள். முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். எல்லோரும் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். ஜோகூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். பெரிய பெரிய உடம்புகள் சின்னப் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கிளினிக் தாதி ஒருவர் ஓரத்தில் எடைக் கருவியும் ரத்தம் எடுக்கும் ஊசியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரிடம் யாரும் போகவில்லை.

ராமாத்தாள் முன்னால் வந்து நின்றார். மைக்கை வேண்டாம் என்றார்.

"உங்க எல்லாருக்கும் நான்தான் கலக்கிக் குடுத்தேன். வேண்டாம்னு அழுத பிள்ளைக்கும் மடியில போட்டுக் குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சேன். கோர்ட்டுல சொன்னேன், பேப்பர்ல வந்திச்சு. உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லல. இப்பச் சொல்றேன். என்னைய மன்னிக்கணும்னு கேக்கல. தெரிஞ்சுக்கணும்."

நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். தங்கராஜு, எண்ணெய் லோரி ஓட்டுபவன் என்று பிறகு தெரிந்தது. ஆள் கதவை அடைக்கிற அளவு. விறுவிறுவென்று அவரிடம் போனான். என்ன செய்யப்போகிறானோ என்று நானும் எழுந்துவிட்டேன். அவன் குனிந்து அவருடைய முழங்கையைப் பிடித்தான்.

"வாங்க ஆயா. மொதல்ல நீங்க ஏறுங்க. பின்னாலயே நான்."

எடைக் கருவி வரை நடத்திக் கூட்டிப்போனான். அவர் ஏறினார். தாதி எண்ணைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். ராமாத்தாள் தாழ்த்தவில்லை.

"நூத்தி முப்பத்தாறு!" மண்டபம் முழுக்கக் கேட்டது.

தங்கராஜு ஏறினான். அவனும் சத்தமாகச் சொன்னான். பிறகு ஒரு பெண், பிறகு இன்னொருத்தி, பிறகு அண்ணன் தம்பி இருவர். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒவ்வொருவரும் இறங்கும்போது ஆயாவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வரிசை கதவைத் தாண்டி வெளியே நீண்டது.

முதல் நாள் சிரித்த நானும் போய் நின்றேன். என் முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.